லோகோவுக்குப் பின்னால் என்ன சிப்?

பெயர் அச்சிட்ட பென்டிரைவை மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர்கள் முக்கால்வாசி நேரம் பேசுவது உறையைப் பற்றித்தான். மூங்கிலா, உலோகமா, ரப்பரா. லோகோவை லேசரில் பொறிப்பதா, வண்ணத்தில் அச்சிடுவதா. மூடி தொலையாத சுழலும் மாடல் கிடைக்குமா. உள்ளே இருப்பதைப் பற்றிய பேச்சு "64 ஜிபி" என்பதோடு முடிந்துவிடுகிறது. வந்த கொட்டேஷன்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அதே உறை, அதே 64 ஜிபி. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதன் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத சிப்பில் ஒளிந்திருக்கிறது. சப்ளையர் நேர்மையானவரா என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். விரல் அகலத்தில் ஒரு சிறிய சர்க்யூட் பலகை. ஒரு முனையில் கணினிக்குள் செருகும் தங்கமுலாம் பூசிய பட்டைகள். பலகையின் ஒரு முகத்தில் கன்ட்ரோலர் என்னும் சிறிய சதுரச் சிப். பல டிரைவ்களில் அதன் பக்கத்திலேயே 12.000 என்று பொறித்த வெள்ளி நிறப் பெட்டி ஒன்று தெரியும், அது கன்ட்ரோலருக்கு நேரக் கணக்கு தரும் குவார்ட்ஸ் படிகம். மறுமுகத்தில் அகலமான கருப்புச் செவ்வகம். அதுதான் நாண்ட் ஃபிளாஷ் நினைவகம். அதன் முதுகில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் பாகத்தின் எண்ணும் இருக்க வேண்டும். சில மலிவான டிரைவ்களில் அந்த இடம் மழமழவென்று தேய்க்கப்பட்டிருக்கும். யாரும் காரணமில்லாமல் உட்கார்ந்து சிப்பைத் தேய்ப்பதில்லை. அட்டைபோல் மெலிந்த டிரைவ்களில் இந்தச் சோதனைக்கும் வழியில்லை; நினைவகமும் கன்ட்ரோலரும் ஒரே கருப்புத் துண்டுக்குள் வார்க்கப்பட்டிருக்கும்.

அந்தக் கருப்புச் செவ்வகத்துக்குள் தகவல் எப்படித் தங்குகிறது? தகவலைத் தாங்கும் மிகச் சிறிய அறையான ஒவ்வொரு நினைவகச் செல்லும் ஒரு டிரான்சிஸ்டர், அதாவது ஒரு நுண்ணிய மின்சுவிட்ச். அதற்குள் எல்லாப் பக்கமும் மின்கடத்தாப் பொருளால் அடைக்கப்பட்ட ஒரு சிறு பகுதி உண்டு. சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால், சாதாரணமாகக் கடக்கவே முடியாத அந்த மெல்லிய ஆக்சைடு தடுப்பை எலக்ட்ரான்கள் குவாண்டம் சுரங்க விளைவால் கடந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் வெளியே வர வழியில்லை. மின்சாரம் இல்லாமலும் தகவல் நிலைப்பது இதனால்தான். உள்ளே எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதை அளந்தால் அது 0 அல்லது 1. யூஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். தேவையான உயர் அழுத்தத்தைச் சிப் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது.

எலக்ட்ரான்களை இப்படிச் சிறைவைக்கும் யோசனையை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் ஸீயும் முன்வைத்தார்கள். அதை ஃபிளாஷ் நினைவகமாக வளர்த்தெடுத்தவர் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா. இன்று பென்டிரைவில் இருக்கும் நாண்ட் வகையை அவரது குழு 1987இல் உலகுக்கு அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் கடைக்கு வந்த முதல் பென்டிரைவ்களில் 8 எம்பி இருந்தாலே பெரிய விஷயம்.

இனி விலைக்கு வருவோம். ஒரு செல்லில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1 வைத்தால், மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். இது எஸ்எல்சி. இரண்டு பிட் என்றால் 4 நிலைகள், எம்எல்சி. மூன்று பிட் என்றால் 8, டிஎல்சி. நான்கு பிட் என்றால் 16, கியூஎல்சி. அதே சிலிக்கானில் அதிக ஜிபி கிடைப்பதால் விலை இறங்குகிறது. நிலைகள் நெருங்க நெருங்க, சில எலக்ட்ரான்கள் கசிந்தாலே ஒரு மதிப்பு இன்னொன்றாகப் படிக்கப்பட்டுவிடும். அதோடு, ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் ஆக்சைடு கொஞ்சம் அடிவாங்குகிறது. எஸ்எல்சி ஏறத்தாழ 1,00,000 முறை தாங்கும். டிஎல்சி பொதுவாக 1,000 முதல் 3,000 முறை. கியூஎல்சி அதற்கும் கீழே. தேய்ந்த செல் வெயிலில் கிடந்தால் இன்னும் விரைவாக மறக்கும். நான்கு கோப்புகளைப் போட்டுக் கையில் கொடுக்கும் டிரைவுக்கு நல்ல டிஎல்சியே தாராளம். எஸ்எல்சி வேண்டும் என்று அடம்பிடிப்பது வீண் செலவு. எந்த வகை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத சப்ளையர்தான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கன்ட்ரோலரின் வேலை இந்தப் பலவீனங்களை மறைப்பது. நாண்டில் சிறு பக்கங்களாக எழுதலாம், அழிப்பதானால் பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். அதனால் ஒரு கோப்பைத் திருத்தினால் பழைய இடத்தில் எழுதாமல் வேறு இடத்தில் எழுதி, எது எங்கே என்ற பட்டியலைக் கன்ட்ரோலர் மாற்றிக்கொள்கிறது. ஒரே இடம் தேய்ந்துபோகாமல், எழுதும் வேலையை எல்லா இடத்துக்கும் பரப்புகிறது. பிழைதிருத்தக் குறியீட்டைச் சேர்த்து எழுதி, படிக்கும்போது மாறிப்போன பிட்டுகளைச் சரிசெய்கிறது. புதிய சிப்பிலேயே சில தொகுதிகள் கெட்டுத்தான் இருக்கும், அவற்றை ஒதுக்கிவைக்கிறது. கணினி நினைவகத்தை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. கன்ட்ரோலர் சொல்வதை நம்புகிறது, அவ்வளவுதான்.

மோசடி நுழைவது அந்த நம்பிக்கையின் வழியே. "உன் கொள்ளளவு என்ன?" என்று கணினி கேட்கும்போது 64 ஜிபி என்று சொல்லும்படி, 8 ஜிபி சிப் உள்ள டிரைவின் கன்ட்ரோலரை அமைத்துவிட முடியும். எட்டே வீடுகள் உள்ள தெருவில் அறுபத்து நான்கு கதவு எண்களை எழுதி வைத்ததுபோல. ஒன்பதாம் எண்ணுக்கு வந்த கடிதம் முதல் வீட்டிலேயே போடப்பட்டு அங்கிருந்ததை மூடிவிடலாம், அல்லது எங்குமே சேராமல் போகலாம். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், கோப்புகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் பதிவாகும் அட்டவணை பெரும்பாலும் டிரைவின் தொடக்கத்தில், உண்மையான நினைவகம் இருக்கும் பகுதியில் இருக்கிறது. ஆகவே பட்டியல் ஒழுங்காகத் தெரியும். படத்தைத் திறந்தால்தான் பாதிக்குமேல் சாம்பல் நிறம். அதற்குள் டிரைவ் விநியோகிக்கப்பட்டு, மூலக் கோப்பு அழிக்கப்பட்டு, புகார் சொல்லவும் ஆளில்லாமல் போயிருக்கும்.

64 ஜிபி டிரைவைச் செருகினால் விண்டோஸில் 59.6 என்று காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் 1,00,00,00,000 பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இதற்காகச் சண்டை போட்டுவிட்டு உண்மையான ஏமாற்றைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

சரியான சோதனை, டிரைவ் முழுவதையும் நிரப்பித் திரும்பப் படிப்பதுதான். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் காலி டிரைவில் ஒவ்வொரு ஜிபியாகக் கோப்புகளை எழுதி நிரப்பி, பிறகு ஒவ்வொரு பைட்டையும் சரிபார்க்கும். எழுதும் வேகத்தையும் கூடவே கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் சீறிப் பாய்ந்துவிட்டுச் சிறிது நேரத்தில் நொண்டும் டிரைவ்கள் ஏராளம். உறையில் "யூஎஸ்பி 3.0" என்று எழுதியிருப்பது இணைப்பு எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. உள்ளிருக்கும் நினைவகம் அந்த வேகத்தில் எழுதும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

போலி ஒரு பக்கம். மட்டமான அசல் இன்னொரு பக்கம். நாண்ட் சிப்பைப் பெரிய அளவில் உற்பத்தி செய்பவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: சாம்சங், கியோக்சியா, சான்டிஸ்க், மைக்ரான், எஸ்கே ஹைனிக்ஸ், சீனாவின் ஒய்எம்டிசி. இவர்களின் சோதனையில் தேறாத சிப்புகள் எல்லாம் குப்பைக்குப் போவதில்லை. குறைந்த தரம் என்று தள்ளுபடியில் விற்கப்பட்டு, பெயரில்லாத பொட்டலங்களாகச் சந்தைக்கு வருகின்றன. பழைய சாதனங்களிலிருந்து பிடுங்கி எடுத்த சிப்புகளும் அதே வழியில் வருகின்றன. இவற்றை வைத்துச் செய்த டிரைவ் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும். மறுசுழற்சி என்ற சொல்லைக் கேட்டதும் இதுவும் நல்லதுதானே என்று தோன்றலாம். வாங்குபவருக்குச் சொல்லிவிட்டு, சோதித்துவிட்டு, அதற்கேற்ற விலையில் விற்றால் நல்லதுதான். தேய்த்து மறைத்து விற்பதற்கு வேறு பெயர்.

இன்னொரு ஆபத்து, டிரைவோடு சேர்ந்து வரும் வேண்டாத சரக்கு. 2017 டிசம்பரில் தைவானின் குற்றப் புலனாய்வுத் துறை, இணையப் பாதுகாப்பு வினாடி வினாவில் வென்றவர்களுக்கு 250 பென்டிரைவ்களைப் பரிசாகக் கொடுத்தது. அவற்றில் 54இல் தீம்பொருள் இருந்தது. சதி எதுவும் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் டிரைவ்களைச் சோதித்த கணினியில் ஏற்கனவே தொற்று இருந்திருக்கிறது. லோகோவோடு கோப்புகளையும் ஏற்றித் தருகிறோம் என்று சப்ளையர் சொன்னால், எந்தக் கணினியில், யார் ஏற்றுவார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. வந்து சேர்ந்தவற்றில் சிலவற்றை, தனியாக ஒதுக்கிய கணினியில் திறந்து, கொடுத்த கோப்புகள் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.

சமூகப் பொறுப்பு என்றதும் பலர் மூங்கில் உறையைக் காட்டுகிறார்கள். எனக்கு இதில் எரிச்சல் உண்டு. பென்டிரைவின் சுற்றுச்சூழல் சுமையில் பெரும்பங்கு சிப் தயாரிப்பில் இருக்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, 2 கிராம் எடையுள்ள ஒரு 32 எம்பி நினைவகச் சிப்பைத் தயாரித்துப் பயன்படுத்துவதற்கு 1.6 கிலோ புதைபடிவ எரிபொருளும் 72 கிராம் வேதிப்பொருள்களும், தயாரிப்புக்கு மட்டும் 32 கிலோ தண்ணீரும் தேவை என்று கணக்கிட்டது. அது வேறு வகை நினைவகம், பழைய தொழில்நுட்பம். ஆனாலும் சுமை எங்கே இருக்கிறது என்பது அதில் தெரிகிறது. மூன்றே மாதத்தில் செத்துப்போகும் சிப்பை மூங்கிலுக்குள் வைத்துக் கொடுப்பதைவிட, பல ஆண்டுகள் உழைக்கும் சிப்பைச் சாதாரண பிளாஸ்டிக்குக்குள் வைத்துக் கொடுப்பது மேல்.

உறைக்கும் கவனம் வேண்டும்தான், வேறு காரணத்துக்காக. பொம்மை வடிவில் வரும் மிருதுவான பிவிசி உறைகளை நெகிழவைக்கத் தாலேட் வகை வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுவது உண்டு. மின்னணுப் பொருள்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஹெச்எஸ் விதி, ஈயம், பாதரசம் போன்றவற்றோடு நான்கு தாலேட்டுகளையும் 0.1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை; காட்மியத்துக்கு வரம்பு 0.01 சதவீதம். இதற்கான ஆய்வக அறிக்கையைக் கேட்கும்போது, அதில் இருக்கும் படம் நீங்கள் வாங்கும் பொருளுடையதுதானா, தேதி எப்போதையது என்று பாருங்கள். வேறு ஏதோ ஒரு மாடலுக்கு வாங்கிய அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பிவைப்பது சகஜம்.

மனிதர்கள் பக்கம் வந்தால் கேள்வி இன்னும் கடினம். பலகையில் இருக்கும் பற்றுவைப்பில் வெள்ளீயம், சிப்பின் மெல்லிய கம்பிகளிலும் பட்டைகளிலும் தங்கம், செல்களை மாடி மாடியாக அடுக்கிய நினைவகத்தின் உள்கம்பிகளில் டங்ஸ்டன், சில மின்தேக்கிகளில் டான்டலம். காங்கோவின் கிழக்குப் பகுதியில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது இந்த நான்கின் வழியாகத்தான். அமெரிக்கா 2010இல் இவற்றுக்காகச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த உருக்காலையிலிருந்து உலோகம் வந்தது என்று நிரப்புவதற்குத் தொழில்துறையில் ஒரு பொதுப் படிவமே இருக்கிறது. சிப் ஆலைகளுக்கும் நிழலான பக்கம் உண்டு. ரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களுக்கு ஆளான தன் ஆலைத் தொழிலாளர்களிடமும் குடும்பத்தினரிடமும் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் 2018 நவம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அவர்கள் அதற்காகப் பத்தாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

கடைசியில் உறை பொருத்தி லோகோ அச்சிடும் பட்டறையைத்தான் சப்ளையரால் நேரடியாகக் காட்ட முடியும். எஸ்ஏ8000 சான்றிதழ் வேலை நேரம், கூலி, குழந்தைத் தொழிலாளர் போன்றவற்றைப் பார்க்கிறது. ஐஎஸ்ஓ 14001 சுற்றுச்சூழல் நிர்வாகத்தைப் பார்க்கிறது. இரண்டுமே குறிப்பிட்ட முகவரிக்குக் கொடுக்கப்படுபவை. இடைத்தரகரின் அலுவலகத்துக்கு வாங்கிய சான்றிதழ், டிரைவ் செய்த பட்டறையைப் பற்றி எதுவும் சொல்லாது. எனவே முகவரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். சிப் எந்த நிறுவனத்துடையது, எந்தத் தரம், எந்தப் பட்டறையில் பொருத்தப்படுகிறது என்று எழுதித் தரக்கூடியவரிடம் தரத்தைப் பற்றிய கேள்விக்கும் பதில் இருக்கும், பொறுப்பைப் பற்றிய கேள்விக்கும் பதில் இருக்கும். பதிலே இல்லாதவரிடம் இரண்டுக்குமே இருக்காது.

அந்த விவரங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் ஏற வேண்டும். எழுத்துமூலம் ஒப்புதல் இல்லாமல் சிப்பை மாற்றக் கூடாது என்ற வரியும் வேண்டும். சாம்பிளில் ஒரு சிப், மொத்தச் சரக்கில் இன்னொரு சிப் என்பது இந்த வியாபாரத்தின் பழைய வித்தை. ஆகவே வந்த பெட்டிகளில் மேலே இருப்பதை விட்டுவிட்டு, வெவ்வேறு பெட்டிகளின் அடியிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும். நாண்ட் விலை அடிக்கடி ஏறி இறங்கும் என்பதால், சில நாள்களே செல்லுபடியாகும் கொட்டேஷனைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். மாதக்கணக்கில் மாறாத அடிமாட்டு விலைக்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும்.

பழுதான டிரைவ்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. ஒரு எச்சரிக்கையோடு: கன்ட்ரோலர் தகவலை இடம் மாற்றி மாற்றி எழுதுவதால், அழித்த கோப்பின் பழைய பிரதிகள் கணினியால் எட்ட முடியாத தொகுதிகளில் தங்கியிருக்கலாம். ரகசியக் கோப்புகள் இருந்த டிரைவைத் திருப்பிக் கொடுக்காமல் உறையைக் கழற்றி, அந்தக் கருப்புச் செவ்வகத்தையே உடைத்துவிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் மொத்தத்தையும் ஒப்படைக்கலாம்.