போர்நிறுத்தம்: நிற்பது போரா, சூடா?

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் பர்மாவின் சகாயிங்கும் மண்டலேயும் இடிந்து கிடந்தபோது ஒரே வாரத்துக்குள் மூன்று தரப்பு மூன்று அறிவிப்பு விட்டது. ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு, நிலநடுக்கம் தாக்கிய பகுதிகளில் 2 வாரத்துக்குத் தானாகப் போய்த் தாக்குவதில்லை, தற்காப்புக்கு மட்டும் சுடுவோம் என்றது. ஏப்ரல் 1இல், ராணுவத்தோடு மோதும் மூன்று ஆயுதக் குழுக்கள் சேர்ந்த மூன்று சகோதரர் கூட்டணி ஒரு மாதம் என்றது. மறுநாள் ஆட்சியில் இருந்த ராணுவம் ஏப்ரல் 22 வரை என்றது, அதுவும் எங்களைத் தொட்டால் திருப்பி அடிப்போம் என்ற நிபந்தனையோடு. இந்த மூன்றும் தமிழ்ச் செய்தியில் ஒரே சொல்லாக வந்து இறங்கின: போர்நிறுத்தம்.

விளைவு என்ன? சென்னையிலிருந்து அண்ணன் மகன் ரங்கூனுக்குப் போன் போட்டு, "சித்தப்பா, உங்க ஊர்ல போர் நின்னுடுச்சாமே!" என்கிறான். "போர் எங்கப்பா நின்னுச்சு, இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் சுடமாட்டோம்னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்" என்கிறார் இவர். அவன் தமிழ்ப் பேப்பரில் படித்தான், இவர் பர்மியச் செய்தியில் கேட்டார். சண்டை ஒன்றுதான், சொல் வேறு.

பர்மிய மொழியில் இதற்கு 'அப்யிட் அக்காட் யட்சே யே' என்று பெயர். சுடுவதையும் அடிப்பதையும் நிறுத்துவது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் 'சீஸ்ஃபயர்' என்பதும் அதேதான். படைக்குக் கொடுக்கும் கட்டளை அது, சுடுவதை நிறுத்து என்று அர்த்தம். அதில் வரும் 'ஃபயர்' நம் 'துப்பாக்கிச் சூடு'வில் வரும் சூடு. அதாவது நின்றது சூடு. போர் அப்படியே இருக்கிறது, படை அவரவர் அரணில் இருக்கிறது, யார் எந்த ஊரைப் பிடித்தார்களோ அந்த ஊர் அவர்கள் கையில் இருக்கிறது.

'நிறுத்தம்' மேல் எனக்குப் புகார் இல்லை. வேலைநிறுத்தம் என்றால் வேலையை விட்டுவிட்டார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, கோரிக்கை முடிந்ததும் திரும்பி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தமும் அப்படித்தான். சிக்கல் முன்னால் நிற்கும் 'போர்' என்பதில். பொருதல் என்ற வினையிலிருந்து வந்த பெரிய சொல் அது, முழுப் பகையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஈழத்துப் பேச்சில் பழகிய 'யுத்தநிறுத்தம்' வடசொல் வேரில் வந்தது, ஆனால் அதுவும் இதே பாரத்தைத்தான் சுமக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் உண்டு. 'ட்ரூஸ்' என்பது வாக்கு, நம்பிக்கை என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரு தரப்பும் வாக்குக் கொடுத்துச் சிறிது காலம் ஓய்வது. 'ஆர்மிஸ்டிஸ்' லத்தீன், ஆயுதம் நிற்பது என்று பொருள். இது கையெழுத்திட்ட உடன்பாடு, கொரியாவில் 1953 ஜூலை 27இல் நடந்தது இதுதான். அங்கே இன்றுவரை சமாதான ஒப்பந்தம் கிடையாது. தமிழில் இவை மூன்றையும் ஒரே கூடையில் போடுகிறோம்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இலக்கணப் பிரச்சினை இல்லை. வடக்கே கச்சின் இனத்தவரின் ஆயுத அமைப்பு 1994இல் ராணுவத்தோடு செய்துகொண்டது சூடு நிறுத்தம்தான். 17 ஆண்டு நீடித்தது, அரசியல் பேச்சு ஒன்றும் தேறவில்லை, 2011 ஜூனில் மறுபடி வெடித்தது. 2015 அக்டோபர் 15இல் 8 ஆயுதக் குழுக்கள் அரசோடு கையெழுத்திட்ட சூடு நிறுத்தத்துக்கு நாடு தழுவிய ஒப்பந்தம் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் பெரிய குழுக்கள் பல வெளியே நின்றன. இதையெல்லாம் பார்த்தவர்கள் 'அமைதி' என்ற சொல்லை லேசில் வாயில் எடுக்க மாட்டார்கள். பர்மியத்தில் அதற்குச் சொல்லே தனி, 'ஞெய்ங் ச்சாங் யே': தீ அணைவதும் குளிர்வதும் சேர்ந்தது. தமிழில் 'தணிதல்' அதற்கு ரொம்ப நெருக்கம்.

அப்புறம் இந்த 'அழைப்பு'. 'போர்நிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது' என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. தூதரக மொழியில் வினைச்சொல்லுக்குத்தான் எடை. பர்மா பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2669ஆம் தீர்மானம், 2022 டிசம்பர் 21, எல்லா வன்முறையும் உடனே நிற்க வேண்டும் என்று 'கோரியது', கைதிகளை விடுவிக்க 'வலியுறுத்தியது'. முதலாவது கட்டளைக்குப் பக்கம், இரண்டாவது அழுத்தமான வேண்டுகோள். 12 நாடுகள் ஆதரித்தன, சீனாவும் ரஷ்யாவும் இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. 2021 ஏப்ரல் 24இல் ஜகார்த்தாவில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பர்மா பற்றி எடுத்த ஐந்து அம்ச முடிவிலும் முதல் வரி வன்முறையை உடனே நிறுத்துவதுதான், அதை ராணுவம் காற்றில் விட்டது. எல்லாவற்றுக்கும் 'வலியுறுத்தல்' என்று போட்டுவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் வாசகனுக்குத் தெரியவே தெரியாது.

பழைய தமிழில் இடையில் புகுந்து சண்டையை விலக்கும் வேலைக்குப் பெயர் இருந்தது. 'சந்து செய்தல்' என்பார்கள் உரையாசிரியர்கள், 'சந்தி' என்ற வடசொல்லின் வழி வந்தது. புறநானூற்றில் இதற்குத் துணைவஞ்சி என்று துறையே உண்டு. உறையூரை முற்றுகையிட்டிருந்த சோழன் நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைந்து கிடந்த இன்னொரு சோழன் நெடுங்கிள்ளியிடமும் புலவர் கோவூர்கிழார் சொன்னது, இருவர் தலையிலும் சோழர் சூடும் ஆத்திமாலை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று. உள்நாட்டுச் சண்டைக்கு இதைவிட நல்ல தூது எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'சந்து' இன்று தெருவாகிவிட்டது, மீட்க முடியாது.

'மனிதாபிமான உதவி'யையும் பார்க்கலாம். 'அபிமானம்' வடமொழியில் தன்மதிப்பு, கர்வம். தமிழில் அது பற்று ஆகி, 'அபிமான நடிகர்' வரை வந்துவிட்டது. 'மனிதநேயம்' தனித்தமிழ் என்று மாற்றுகிறார்கள், அந்த 'நேயம்' 'சினேகம்' என்ற வடசொல்லின் வழி வந்தது என்கிறது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. எதை வைத்தாலும் சரி, புரிந்தால் போதும். இதற்கான பர்மியச் சொல்லை அப்படியே பிரித்தால், மனிதர் ஒருவருக்கொருவர் பிறர் நிலை உணர்ந்து நடப்பது என்று வரும். ஆனால் களத்தில் அந்தச் சொல் மட்டும் போதவில்லை. ஏப்ரல் 1 இரவு ஷான் மாநிலத்தின் நவுங்ச்சோ ஊர்ப் பக்கம் சீனச் செஞ்சிலுவையின் நிவாரண வண்டிகள் போகும்போது ராணுவம் சுட்டது. எச்சரிக்கைக்குச் சுட்டோம் என்றார்கள். மறுநாள்தான் அந்த 22ஆம் தேதி அறிவிப்பே வந்தது.

என் கணக்கில், சுடுவது நின்றால் 'சண்டை நிறுத்தம்'. ஒரு தரப்பு தாக்குதலை மட்டும் தள்ளிவைத்தால் 'தாக்குதல் நிறுத்தம்'. நாள் குறித்த இடைவெளிக்கு 'போர் ஓய்வு'. கையெழுத்திட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தால் அப்போது 'போர்நிறுத்த உடன்படிக்கை' என்று எழுதலாம். தலைப்பில் இடம் இல்லை என்பவர்கள் தேதியையாவது போடட்டும்: '22 வரை சண்டை நிறுத்தம்' என்று நான்கே சொல்லில் முடிந்துவிடும். நீட்டித்தால் புதுத் தேதி. அந்த 22 போய் ராணுவம் மறுபடி மறுபடி நீட்டித்தது, அந்தக் காலத்திலேயே விமானத் தாக்குதல்கள் நடந்தபடி இருந்ததாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்திருக்கிறது.