காதுக்குள் நகராத கற்கள்

"விஆர் (கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகத்தைக் காட்டும்) கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆல்ப்ஸ் மலைமேல் பறந்தேன். கழற்றிய பிறகு என் கை என் கையாகவே தெரியவில்லை. டம்ளரைப் பிடித்தால் பொம்மை டம்ளர் போலிருந்தது. அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அரைமணியில் சரியாகிவிட்டது. இது மனநோயா?" ஒரு வாசகியின் கேள்வி.

நோயும் இல்லை, திருஷ்டியும் இல்லை. காதிலிருந்து தொடங்குவோம்.

உள்காதின் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்லும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தவை பக்கத்திலிருக்கும் இரண்டு குட்டிப் பைகள். அவற்றில் மயிர்ச்செல்கள், அதன்மேல் கூழ்ப்படலம், படலத்தின்மேல் மாவு தூவியதுபோல் பொடிக்கற்கள். முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்! பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோமே, அப்படியே இந்தக் கற்களும் பின்தங்கும். கூழ் இழுபடும், மயிர்கள் வளையும், மூளைக்குச் சேதி போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் லிஃப்ட் கிளம்பியது தெரிவது இதனால்தான்.

விஆரில் கண் 'பறக்கிறோம்' என்கிறது. கற்களோ அசையவே இல்லை. சிலருக்குக் குமட்டும். ஓரக்கண்தான் வேகத்தை அதிகம் உணரும் என்பதால், 2016-ல் வந்த கூகுள் எர்த் விஆரில் பறக்கும்போது காட்சியின் ஓரங்களை மறைக்கும் வசதி வைத்தார்கள். நேரம் போகப்போக மூளை காதின் பேச்சைக் குறைத்துக்கொண்டு கண்ணை நம்பப் பழகுகிறது. கண்ணாடியைக் கழற்றியதும் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வீடே ஒட்டாததுபோல் தெரியலாம்.

2010-ல் கனடா ஆய்வாளர்கள் 30 பேரிடம் சோதித்தபோது, விஆருக்குப் பின் நிஜ உலகில் இருக்கும் உணர்வு குறைந்திருந்தது. 2014-ல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் 24 மணி நேரம் விஆரில் இருந்தவர், எந்த உலகில் இருக்கிறோம் என்று பலமுறை குழம்பினார். முப்பது பேர், ஒரே ஒருவர்! வீட்டுக்கு வீடு விஆர் பயணம் விற்கும் நிறுவனங்கள், அது மனதை என்ன செய்கிறது என்று பெரிய அளவில் ஆராயவும் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறை பதினைந்து நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். அப்புறம் வெறுங்காலோடு கொஞ்சம் நடங்கள், முகம் கழுவுங்கள். உடனே வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம். அந்த ஒட்டாத உணர்வு மறுநாளும் தொடர்ந்தால், அல்லது விஆர் போடாமலே வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள்.