மேன்டில் குழம்பா, பாறையா?

“பூமிக்குள் மூன்று அடுக்கு: ஓடு, குழம்பு, கரு.” பிள்ளைகளுக்கான அறிவியல் காணொளிகளில் இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஓடு சரி, கருவும் சரி. நடுவில் கிடக்கும் மேன்டிலைக் குழம்பாக்கியது யார்?

மேன்டில் லத்தீன் வழி வந்த சொல்; மேலங்கி, போர்வை என்று பொருள். இரும்புக் கருவைப் பாறை போர்த்தியிருக்கிறது என்று 1890களின் பிற்பகுதியில் கணித்த புவி இயற்பியலாளர் எமில் வீஹெர்ட், தம் ஜெர்மன் மொழியில் அதை ‘மான்டல்’ என்றார். பாறைப் போர்வை, அவ்வளவுதான்.

நம் பாடநூல்களில் இது ‘கவசம்’. வடசொல் என்பதற்காக அதைத் தள்ளமாட்டேன். ஆனால் தலைக்கவசம் போட்டுப் பழகிய ஊரில் கவசம் என்றால் எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது. மூன்று நிறக் களிமண் கொடுத்து உருண்டை பிடிக்கச் சொன்னால், கவசத்தை மேலோட்டுக்கும் மேலே அப்பும் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? ‘மூடகம்’ என்று எழுதுவோரும் உண்டு. கருவை மூடியிருப்பது மூடகம். ஒரே வரியில் புரியவைத்துவிடலாம். என் வாக்கு அதற்கே.

கவசத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். ‘பாறைக்குழம்பு அடுக்கு’ அப்படியல்ல, அது அறிவியலையே மாற்றிச் சொல்கிறது. மூடகம் ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழம் வரை போகிறது. பூமியின் கன அளவில் சுமார் 84 விழுக்காடு அதுதான். அதில் பெரும்பகுதி திடப் பாறை. சாட்சி நிலநடுக்க அலைகள்: திரவத்துக்குள் நுழைய முடியாத எஸ் அலைகள் மூடகத்துக்குள் தாராளமாகப் போகின்றன, திரவமான வெளிக்கருவின் வாசலில்தான் நின்றுபோகின்றன. சூடு இருந்தும் உருகாததற்குக் காரணம் மேலே அழுத்தும் எடை. அழுத்தம் குறையும் இடத்திலும், நீர் உள்ளே புகும் இடத்திலும் கொஞ்சம் உருகும். அந்த உருகலுக்குத்தான் பாறைக்குழம்பு என்று பெயர். விதிவிலக்கின் பெயரை முழு அடுக்குக்கும் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

‘திடம் என்றால் தட்டுகள் (பூமியின் மேற்புறம் பிரிந்து கிடக்கும் பெரும் பாறைப் பலகைகள்) எப்படி நகரும்?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கார்ன்ஃப்ளார் மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து கிண்ணத்தில் வையுங்கள். ஓங்கிக் குத்தினால் விரல் இறங்காது, மெல்ல அழுத்தினால் இறங்கிவிடும். மூடகமும் விரைந்து வரும் அலைக்குக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளில் பார்த்தால் ஊர்ந்து நகர்வது. தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வது அதனால்தான்.

குழம்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், நிலநடுக்கம் என்பது சாம்பாரில் மிதக்கும் அப்பளம் ஆடுவது என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். நடப்பது வேறு, பாறை உராய்வில் சிக்கி, வளைந்து, தாங்கமுடியாமல் சட்டென்று வழுக்குகிறது. ஒரு மரக்கட்டையின் அடியில் உப்புத்தாள் ஒட்டி, பலகை மேல் ஒட்டிய இன்னொரு உப்புத்தாளில் வையுங்கள். கட்டையில் ரப்பர் பேண்ட் மாட்டி மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ரப்பர் நீளும், கட்டை அசையாது, இன்னும் நீளும், பிறகு கட்டை திடீரென்று துள்ளும். அடுத்த துள்ளல் எப்போது என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் தப்பாகவே போகும். ஆய்வாளர்களுக்கும் அதே கதைதான்.

செய்திகளுக்கு மொழிபெயர்ப்பவர்களையும் சும்மா விட மனமில்லை. நிலநடுக்கம் வந்தால் அவர்களுக்குப் பாறை வழுக்கத் தொடங்கிய ஆழத்து இடமும் ‘மையம்’, அதற்கு நேர் மேலே தரையில் உள்ள இடமும் ‘மையம்’. இரண்டாவதற்கு ‘மேல்மையம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கூட இரண்டு எழுத்துப் போட என்ன செலவு?