‘ஸ்பர் ஆஃப் தி மொமண்ட்’: குதிமுள்ளில் பிறந்த ஒரு சொற்றொடர்

மொழிபெயர்ப்புக் கதை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். தோழியை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்த ஒரு பெண், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் தானும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறாள். கையில் மாற்றுத் துணிகூடக் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து இருவரும் சிரிக்கிறார்கள். ஆங்கில மூலத்தில் அவள் ‘ஆன் தி ஸ்பர் ஆஃப் தி மொமண்ட்’ ஏறினாள் என்று இருந்தது. தமிழில் ‘முன்யோசனையின்றி ரயிலேறினாள்’ என்று வந்திருந்தது. அகராதிப்படி இதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் அவளுடைய சிரிப்பு காணாமல் போய்விட்டது. ஏதோ அசட்டுக் காரியம் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி ஆகிவிட்டாள்.

‘ஸ்பர்’ என்பது குதிரை ஏறுபவர் குதிகாலில் மாட்டிக்கொள்ளும் உலோக முள். தமிழில் குதிமுள். சிலவற்றில் ஒற்றை முனை இருக்கும், சிலவற்றில் சுழலும் பற்சக்கரம் இருக்கும். அதை விலாவில் அழுத்தினால் குதிரை பாயும். பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்புரா’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் ‘ஸ்போர்ன்’. வெறுத்து ஒதுக்குவதைக் குறிக்கும் ‘ஸ்பர்ன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுதான், காலால் உதைத்துத் தள்ளுவது என்பது அதன் பழைய பொருள்.

14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே குதிமுள் குதிரையை விட்டு இறங்கிவிட்டது. மனிதரைத் தூண்டுகிற எதையும் ‘ஸ்பர்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ‘ஆன் தி ஸ்பர்’ என்றால் தலைதெறிக்கும் வேகம். 1513இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் படைக்கு எதிரே நிற்க முடியாமல் பிரெஞ்சுக் குதிரைப்படை விரைந்து பின்வாங்கிய சண்டைக்கு ‘குதிமுள் சண்டை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அன்று அவர்கள் வாளைவிடக் குதிமுள்ளைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள் என்ற கேலி அந்தப் பெயருக்குள் இருக்கிறது. நாம் இன்று சொல்லும் முழுத் தொடர் 1801ஆம் ஆண்டு வாக்கில்தான் எழுத்தில் வருகிறது.

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது, யார் சவாரி செய்கிறார் என்பதுதான். ‘மொமண்ட்’ என்றால் கணம். குதிமுள் அந்த நேரத்தின் காலில் இருக்கிறது. அந்தக் கணம்தான் நம் விலாவில் உதைக்கிறது, நாம் பாய்கிறோம். பாய்ந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று தொடர் எதுவும் சொல்வதில்லை. கடை வாசலில் கண்ணில் பட்டதை நண்பருக்குப் பரிசாக வாங்குவதும் இதில் அடங்கும், யோசிக்காமல் வேலையை விட்டுவிட்டு வருவதும் அடங்கும். ‘முன்யோசனையின்றி’ அப்படியில்லை. யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘ஹீட் ஆஃப் தி மொமண்ட்’ வேறு. அது சூடு, கோபம். தமிழில் நேராக ‘ஆத்திரத்தில்’ என்று சொல்லிவிடலாம்: ‘ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.’ அந்தத் தொடருக்கு முன்னால் ‘இன்’ வரும், குதிமுள்ளுக்கு முன்னால் ‘ஆன்’ வரும். இரண்டும் கலந்துபோய் ‘இன் தி ஸ்பர்’ என்று பலர் எழுதுகிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது.

சரி, தமிழுக்கு வருவோம். குதிரையைக் காலால் தூண்டுவது நமக்குப் புதிதல்ல. பதிற்றுப்பத்தில் கபிலர் சேரமன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடும்போது ‘மாவுடற்றிய வடிம்பு’ என்கிறார். மா என்பது குதிரை, வடிம்பு என்பது பாதத்தின் விளிம்பு. முள்ளில்லாத வெறும் பாத ஓரத்தாலேயே குதிரையை முடுக்கிய கால். ஆனால் அந்தப் படிமம் நம் பேச்சுக்குள் வந்து தங்கவில்லை. மனதைத் தூண்டுவதற்கு நாம் எடுத்துக்கொண்டது தூண்டுகோல், அதாவது விளக்குத் திரியை நிமிண்டி விடும் கம்பி. ஆங்கிலத்தில் உதைத்தால் பாய்ச்சல், தமிழில் நிமிண்டினால் வெளிச்சம். அதனால் ‘கணத்தின் குதிமுள்ளால்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ்க் காதில் ஏறாது.

பழித்துச் சொல்ல வேண்டுமானால் நம்மிடம் அருமையான தொடர் ஒன்று இருக்கிறது: எடுத்தேன் கவிழ்த்தேன். பாத்திரத்தை எடுத்த கை அப்படியே கவிழ்த்துவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இரண்டே வினைகள், நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. யோசிக்க நேரம் எடுக்கவில்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுக்காதே’ என்று அறிவுரையில் கேட்டுப் பழகியிருப்போம். ரயிலேறிய பெண்ணுக்கு இது பொருந்தாது.

மெச்சிச் சொல்லவும் நமக்குத் தெரியும். ஈற்றடி கொடுத்தால் அந்த இடத்திலேயே வெண்பா பாடி முடிக்கும் புலவரை ஆசுகவி என்றோம். ஆசு என்பது விரைவு. காளமேகப் புலவரின் புகழ் பெரும்பாலும் அந்த விரைவில்தான் நிற்கிறது. ஆனால் இது திறமைக்கான சொல், மனம் போன போக்குக்கு ஆகாது.

பழியும் புகழும் இல்லாமல் சொல்ல ‘நினைத்த மாத்திரத்தில்’ இருக்கிறது. மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அளந்து வைத்த சிறு பொழுது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இந்தத் தொடர் அடைமொழியாக வந்தால், ‘சட்டென்று எடுத்த முடிவு’, ‘திடீரென்று கிளம்பிய பயணம்’ என்று எழுதலாம். கட்டுரை நடை வேண்டுமென்றால் ‘அந்நேர உந்துதல்’ சரியாக இருக்கும். கதைக்குள் அது கொஞ்சம் விறைப்பு.

இவற்றையெல்லாம் எழுதிப் பார்த்து அடித்த பிறகுதான், நாம் வாயால் தினமும் சொல்வது நினைவுக்கு வந்தது. ‘ஏன் திடீர்னு வாங்கினே?’ என்று கேட்டால் யாரும் ‘முன்யோசனையின்றி வாங்கினேன்’ என்று பதில் சொல்வதில்லை. ‘என்னமோ தோணுச்சு, வாங்கிட்டேன்’ என்கிறோம். அதன் இலக்கணத்தைக் கொஞ்சம் பாருங்கள். ‘எனக்குத் தோன்றியது’ என்பதில் எழுவாய் நான் இல்லை. தோன்றியது ஏதோ ஒன்று, அது எனக்கு நேர்ந்தது. ஆங்கிலத்தில் கணம் சவாரி செய்கிற மாதிரி, தமிழில் நம்மை மீறி ஒன்று தோன்றுகிறது. அப்புறம் அந்த ‘விட்டேன்’. செய்து முடிந்தது, இனித் திரும்ப முடியாது என்பதை அந்தத் துணைவினை தாங்கிக்கொள்கிறது. நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு எங்கேயும் இல்லை. ஆங்கிலத் தொடரில் இருப்பது எல்லாம் இதில் இருக்கிறது, குதிரை மட்டும்தான் இல்லை.

கதையில் அந்த வரியை இப்படி மாற்றினேன்: ‘வண்டி நகர இரண்டு நிமிடம் இருந்தது. என்னவோ தோன்றியது, அவளும் ஏறிவிட்டாள்.’