அறுபதாம் பக்கத்தில் நிற்கும் புத்தகம்

பல வருடமாகப் பாதியில் நிற்கும் ஒரு புத்தகத்தை மூடி, பக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். முதல் அறுபது எழுபது பக்கங்கள் கைபட்டு மங்கியிருக்கும். மிச்சம் புதுத் தாளின் வெளுப்போடு இருக்கும். ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கியதன் தடயம் அது. புத்தகம் முடியாமல் இழுப்பதற்கும் பெரும்பாலும் இந்தப் பழக்கமே காரணம். மனவுறுதியைக் குறை சொல்வது அநியாயம்.

வாசிக்கும்போது மனம் வாக்கியங்களை அடுக்கி வைப்பதில்லை. யார், எங்கே, எதற்காக என்று ஒரு காட்சியைக் கட்டிக்கொண்டே போகிறது. மொழியியலாளர் டியூன் வான் டைக்கும் உளவியலாளர் வால்டர் கின்ட்சும் 1983இல் இதைச் சூழல் மாதிரி என்றார்கள். படித்த சொற்கள் சீக்கிரமே மறந்துபோகும், காட்சி அதைவிட நீடிக்கும். ஆனால் பத்து இருபது நாள் இடைவெளி விழுந்தால் அதிலும் உறவுமுறைகள், பெயர்கள், எந்த வாதம் எதற்குப் பதில் என்ற இணைப்புகள் கரைந்துவிடும். மறுபடி கட்ட வேண்டும். கட்டுமானத்தில் அதிக உழைப்பு கேட்பது அஸ்திவாரம்: கதையின் புதுப் பகுதி தொடங்கும் வாக்கியங்களை வாசகர்கள் மெதுவாகத்தான் கடக்கிறார்கள். மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது ஏறக்குறைய 4 கூறுகள். முதல் பத்துப் பக்கத்தில் ஒன்பது பேர் அறிமுகமானால் திணறாமல் என்ன செய்யும்?

சரி, விட்டுவிடலாமே? மனம் விடாது. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவத்துக்கான நாடகச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போட்ட பணம் இழுக்கிறது. இன்னொன்று, 1928இல் உளவியலாளர் மரியா ஓவ்சியான்கினா காட்டியது: வேலையை நடுவில் நிறுத்தினால், யாரும் கேட்காமலே ஆட்கள் அதற்குத் திரும்புகிறார்கள். முடியாத வேலைதான் நன்றாக நினைவில் நிற்கும் என்ற புளூமா செய்கார்னிக்கின் 1927 முடிவு பிற்காலச் சோதனைகளில் உறுதியாக நிற்கவில்லை. வேலைக்குத் திரும்பிப் போகும் உந்துதலோ உறுதியாக நின்றது.

மாட்டிய பக்கத்தை முதலில் சோதியுங்கள். உதவியின்றிச் சரளமாகப் படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலம் கற்போரிடம் கண்ட அளவு. 300 சொல் பக்கத்தில் புரியாதவை 6. தமிழில் சொற்கள் ஒட்டியும் புணர்ந்தும் வருவதால் எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் பக்கத்துக்குப் பதினைந்து சொல் இடறினால் தடை சொல்தான், அகராதியோடு உட்காருங்கள்.

சொல் எல்லாம் தெரிந்தும் புரியவில்லையா? பின்னணி இல்லை. துணி துவைப்பதை அந்தப் பெயரே சொல்லாமல் விவரிக்கும் ஒரு பத்தியை 1972இல் உளவியலாளர்கள் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் ஆட்களுக்கு ஒலிக்கவிட்டார்கள். தலைப்பை முன்னரே அறிந்தவர்கள் 18 கருத்துகளில் சராசரியாக 5.8ஐ நினைவுகூர்ந்தார்கள். கேட்டு முடித்த பிறகு அறிந்தவர்கள் 2.7. வரைபடம் பயணத்துக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். ஆகவே அந்த அத்தியாயத்தின் சுருக்கத்தை முதலில் படியுங்கள். சுவை கெடும் என்ற தயக்கம் புதுப் புத்தகத்துக்குப் பொருந்தும். ஐந்து வருடம் நின்றுபோனதற்கு வேண்டாம்.

திரும்பும்போது முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள். புத்தகத்தைத் திறக்காமலே நினைவிலிருப்பதை நான்கு வரி எழுதுங்கள். விட்ட இடத்துக்கு ஐந்து பக்கம் முன்னால் இருந்து படித்து, தவறியதைத் திருத்துங்கள். பெயர்ச் சீட்டு ஒன்று அட்டைக்குள் இருக்கட்டும். கால் மணி நேரத்தில் காட்சி எழுந்துவிடும். பிறகு நாளுக்குப் பத்துப் பக்கம். 400 பக்கம் 40 நாள். ஒரே விடுமுறையில் எண்பது பக்கம் விழுங்கி மூன்று வாரம் மூடிவைப்பதுதான் புத்தகத்தைக் கொல்கிறது, ஏனென்றால் எழுப்பிய காட்சி அதற்குள் சரிந்துவிடும். அத்தியாய முடிவில் நிறுத்தாமல் காட்சியின் நடுவில் நிறுத்துங்கள், ஓவ்சியான்கினா கண்ட உந்துதல் துணைக்கு வரும்.

இப்போது முடியாது என்றால் தள்ளிவைப்பதிலும் முறை உண்டு. எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் எழுதிக்கொண்டவர்களை முடியாத வேலை குறுக்கிட்டுத் தொந்தரவு செய்வதில்லை என்று மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். பக்க எண், அதுவரை நடந்தது நான்கு வரி, திரும்பும் மாதம். இவற்றை ஒரு சீட்டில் எழுதி, விட்ட பக்கத்திலேயே செருகி வையுங்கள்.