இறாலில் வந்த கிருமி எந்த வழியாக வந்தது?

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பிடிபடும் இறாலின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இயல்பாக இருப்பதில்லை. அது குடல்வாசி. மனிதர், கோழி, மாடு, பல்லி, கடற்பறவை என எதன் குடலிலிருந்தோ மலத்தோடு வெளியேறுவது. ஆகவே பாம்பனிலோ தொண்டியிலோ கரைசேர்ந்த இறாலில் அது தென்பட்டால், கரையோரக் கழிவுநீர், ஐஸ், படகின் தளம், கூடை, மனிதக் கை இவற்றில் ஏதோ ஒன்றைக் கடந்தே வந்திருக்கும். விப்ரியோ என்ற இன்னொரு கிருமியோ வெதுவெதுப்பான உப்புநீரிலேயே வாழும் இனம். இரண்டாலும் வயிற்றுப்போக்கு வரும். ஆனால் தடுக்க வேண்டிய இடம் வேறு. அதனால்தான் கிருமியை அடையாளம் காண்பதில் இவ்வளவு கவனம்.

ஆய்வகத்தில் 25 கிராம் சதையை 225 மில்லி பெப்டோன் நீரில் (கிருமி வளர ஊட்டம் தரும் திரவம்) கலந்து 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். குளிரிலும் உப்பிலும் நலிந்த சில கிருமிகள் தேறிவர இந்த அவகாசம் தேவை. அடுத்து மாலகைட் பச்சைச் சாயமும் மக்னீசியம் குளோரைடும் கலந்த திரவத்தில் 41.5 டிகிரி. போட்டிக் கிருமிகள் பெரும்பாலும் இதில் தளர்ந்துபோகும்.

அதன் பிறகுதான் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சிவப்பு நிற எக்ஸ்எல்டி தட்டு. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. தட்டில் சைலோஸ், லாக்டோஸ், சுக்ரோஸ் என மூன்று சர்க்கரைகளும் லைசின் என்ற அமினோ அமிலமும் உண்டு. ஈ.கோலை சர்க்கரைகளைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்க, தட்டு மஞ்சளாகிறது. சால்மோனெல்லாவால் சைலோஸை மட்டுமே புளிக்கவைக்க முடியும்; அது தீர்ந்ததும் லைசினை உடைத்துக் காரத்தன்மையைக் கொண்டுவர, தட்டு மறுபடி சிவக்கிறது. கூடவே தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட, அது இரும்போடு சேர்ந்து நடுவில் கரும்புள்ளி வைக்கிறது. சிவப்புக்குள் கறுப்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்ய இன்னும் சோதனைகள் வேண்டும்; புரோட்டியஸ் என்ற கிருமியும் கறுக்கும், ஆனால் அது யூரியாவை உடைக்கும், சால்மோனெல்லா உடைக்காது.

சால்மோனெல்லாவில் இனங்கள் இரண்டே. அவற்றுக்குள் 2,500-க்கும் மேற்பட்ட சீரோவகைகள் உண்டு. ஆன்டிஜென் என்பது எதிர்ப்புச் சீரம் அடையாளம் காணும் மேற்பரப்புப் பொருள்; கிருமியின் மேலுறையிலுள்ள ஓ ஆன்டிஜெனையும் நீந்தும் கசையிலுள்ள எச் ஆன்டிஜெனையும் வைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள். உரிய எதிர்ப்புச் சீரத்தில் ஒரு துளி கலந்தால், கிருமிகள் திரிந்த பால்போல் துணுக்குத் துணுக்காய்ச் சேரும். டைஃபாய்டு தரும் டைஃபிக்கும் முட்டை வழியாகப் பரவும் என்டெரிடிடிஸுக்கும் ஓ-9 பொது. எச் ஆன்டிஜென்தான் வேறு. டைஃபி மனிதரிடம் மட்டுமே தங்கும். எனவே இறாலில் டைஃபி கிடைத்தால் பறவையையோ கோழியையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. நோயாளியின் அல்லது நோய்க்கிருமியைச் சுமப்பவரின் கழிவு எங்கே கலந்தது என்று தேடவேண்டும்.

சில சமயம் சீரோவகையும் போதாது. 2012-இல் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன சுரண்டிய சூரைச் சதையால் 425 பேர் நோயுற்றனர். பெரும்பாலானோரிடம் இருந்தது பரேலி என்ற சீரோவகை. அது பல நாடுகளில் திரிவது. பெயரை மட்டும் வைத்து மூலத்தைப் பிடிக்க முடியாது. கிருமிகளின் முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது, அந்த மீன் ஆலைக்கு அருகிலுள்ள வேறோர் ஆலையிலிருந்து முன்பு எடுத்த மாதிரியே நெருங்கிய உறவாகத் தெரிந்தது.

நம் கரையில் இப்படித் தேட வேண்டிய முதல் இடம் ஐஸ் என்பது என் எண்ணம். குளிர் சால்மோனெல்லாவின் பெருக்கத்தை நிறுத்தும், முழுதாகக் கொல்லாது. ஐஸ் உறையவைத்த தண்ணீரில் கிருமி இருந்திருந்தால், அது உருகி இறாலின் மேல் வழியும்போதும் உயிரோடு இருக்கக்கூடும்.