சீரிஸ்ல வர்ற பிளாஸ்டிக் கவர நம்பி தடயத்த கெடுத்துடாதீங்க

நான் தடயவியல் லேப்ல ரத்தக்கறை, டிஎன்ஏ பிரிவுல வேலை பாக்குறேன். வீட்டுக்கு வந்தாலும் படிக்கிறது பாக்குறது எல்லாமே போலீஸ் விசாரணை கதைதான், அதுலயும் ஒரு ஹீரோவே எல்லாத்தையும் கண்டுபிடிக்காம ஒரு டீமே சேந்து உழைக்குற கதைன்னா விடவே மாட்டேன். சுவீடன்ல மாய் ஷோவாலும் பெர் வாலூவும் 1965லேர்ந்து 1975 வரைக்கும் சேந்து எழுதுன 10 நாவலும் அந்த வகைதான், முதல் நாவல்ல கேஸ் மாசக்கணக்குல நகராம கெடக்கும், நெசமான விசாரணையும் பல நேரம் அப்படித்தான்.

ஆனா ஸ்கிரீன்ல வர்றப்ப பாக்குறவங்களுக்கு தடயம் கண்ணுல படணும்ல, அதனால எத எடுத்தாலும் உள்ள இருக்குறது தெரியுற பிளாஸ்டிக் கவர்ல போட்டு தூக்கி காட்டுவாங்க. அதையே பாத்துப் பழகுனவங்க வீட்ல ஏதாவது நடந்தா, ஈரம் காயாத ரத்தக்கறை துணிய அப்படியே பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி வெச்சிடுறாங்க. ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே பாக்டீரியாவும் பூஞ்சையும் வளந்து டிஎன்ஏவ சிதைச்சிடும். அப்படி வந்த ஒரு கட்ட நான் பிரிச்சப்ப அடிச்ச நாத்தத்துலயே மனசு ஒடஞ்சுபோச்சு, ஏன்னா அத எடுத்து வெச்சவங்க எவ்ளோ பத்திரமா வெச்சிருக்காங்கன்னு அந்தக் கட்டுலயே தெரிஞ்சுது.

அதனால முதல்ல எதையும் தொடாதீங்க, துவைக்காதீங்க, தரைய துடைக்காதீங்க, போலீஸ் வர்ற வரைக்கும் இருந்த இடத்துலயே இருக்கட்டும். மழையில நனையப்போகுதுன்னு எடுத்தே ஆகணும்னா ஒவ்வொரு துணியையும் தனித்தனி பேப்பர் கவர்ல போடுங்க, சேத்து வெச்சா ஒண்ணுல இருக்குற கறை இன்னொண்ணுல ஒட்டிக்கும். பாலியல் வன்முறைன்னா முடிஞ்ச வரைக்கும் குளிக்காம, துணி மாத்தாம ஆஸ்பத்திரிக்குப் போறது நல்லது, ஆனா குளிச்சிட்டீங்கன்னாலும் தயவுசெஞ்சு போங்க, இனிமே போய் என்னன்னு வீட்லயே இருந்துடாதீங்க, தடயம் மிச்சமிருக்க வாய்ப்பு உண்டு, சிகிச்சையும் முக்கியம்.

இன்னொண்ணு, ஆள் காணாமப் போனா 24 மணி நேரம் கழிச்சுதான் கம்ப்ளெயிண்ட் எடுப்பாங்கன்னு ஒரு டயலாக் அடிக்கடி வரும். கதைக்கு பதட்டம் கூட்ட அது உதவும், ஆனா பல நாடுகள்ல போலீஸே அப்படி காத்திருக்காதீங்கன்னுதான் சொல்றாங்க. சிசிடிவி பதிவு மேல புதுசு ஏறி பழசு அழிஞ்சுக்கிட்டே இருக்கும், பாத்தவங்களுக்கும் ஞாபகம் மங்கும். சந்தேகம் வந்த உடனே கெளம்புங்க, அவங்களோட சமீபத்து போட்டோ ஒண்ணு கையில இருக்கட்டும், கடைசியா என்ன டிரெஸ் போட்டிருந்தாங்கன்னும் எழுதி எடுத்துட்டுப் போங்க.